ஐந்தாம் புலத்தில் எழுதும் பெயர்

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் மாலை வேளைகளில் நான் கணினி கற்பிக்கிறேன். மேசைகளில் இருப்பவை பழைய இயந்திரங்கள். மூலையில் இருக்கும் ஒன்று மட்டும் நல்லது. டெபியன் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அந்தச் சேர்வரில்தான் எல்லா மாணவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. மற்றவற்றிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை செய்வார்கள். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், மூதூர்ப் பிள்ளைகள், சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், உவர்மலைக்காரர்கள், அபயபுரவிலிருந்து வரும் சிங்கள மாணவர்கள் என்று எல்லோருடைய கோப்புகளும் ஒரே வன்தட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் கட்டளை வரிப் பாடம் கோப்புகளைப் பட்டியலிடுவதில் தொடங்குவதுதான் வழக்கம். நான் ‘ஐடி’ கட்டளையில் தொடங்குகிறேன். இரண்டே எழுத்துக் கட்டளை. தட்டினால், இந்த இயந்திரம் உங்களை யாராகக் கருதுகிறது என்று ஒரு வரியில் சொல்லும்: உங்கள் பயனர் எண், முதன்மைக் குழுவின் எண், நீங்கள் சேர்ந்திருக்கும் மற்றக் குழுக்கள். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் மனிதர்களுக்கான எண்கள் 1000இல் தொடங்கும். பூச்சியம், எல்லா உரிமைகளும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட் பயனருக்கு உரியது. மாணவர் தன் பெயரைத் தட்டி உள்ளே வந்திருப்பார். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கரு அந்தப் பெயரைப் பார்ப்பதே இல்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. பலர் பகிரும் இயந்திரத்தில் உட்காரும் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டளையின் ஆழம் கிண்ணியா மாணவர் ஒருவரின் வேலையில் தெரியவந்தது. கிணற்று நீர்மட்டத்தை அளக்கும் ஒரு சிறிய கருவியை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் அவர் செய்துகொண்டிருந்தார். யுஎஸ்பி கம்பியைச் சேர்வரில் செருகி நிரலை ஏற்றப் பார்த்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் வந்தது. காரணம் எளியது. பலகை இணையும் அந்தத் தொடர்முனை ரூட் பயனருக்கும் ‘டயல்அவுட்’ என்ற குழுவுக்கும் சொந்தமானது. மாணவர் அந்தக் குழுவில் இல்லை. ‘யூசர்மாட்’ கட்டளையால் அவரைச் சேர்த்தேன். (அந்தக் கட்டளையில் ‘ஏ’ என்ற தெரிவை விட்டுவிட்டால், புதிய குழுவில் சேர்த்துவிட்டு ஏற்கெனவே இருந்த துணைக் குழுக்களிலிருந்து ஆளை நீக்கிவிடும். எப்போதும் ‘ஏ’யும் ‘ஜி’யும் சேர்த்தே எழுதுங்கள்.) அவர் மறுபடி முயன்றார். மறுபடியும் மறுப்பு.

வெறுமனே ‘ஐடி’ என்று தட்டச் சொன்னேன். டயல்அவுட் இல்லை. ‘ஐடி’யோடு அவருடைய பயனர்பெயரையும் சேர்த்துத் தட்டச் சொன்னேன். டயல்அவுட் இருந்தது. ஒரே ஆளைப் பற்றி, ஒரே இயந்திரத்திடம், ஒரு நிமிடத்துக்குள் கேட்ட கேள்விக்கு இரண்டு பதில்கள். வகுப்பே எழுந்து வந்து திரையைப் பார்த்தது.

இரண்டுமே சரியான பதில்கள். பெயர் கொடுத்துக் கேட்டால் ‘ஐடி’ பயனர் தரவுத்தளத்தைத் திறந்து, அங்கே இப்போது எழுதப்பட்டிருப்பதைச் சொல்கிறது. பெயர் இல்லாமல் கேட்டால், கேட்கிற அந்த ஓட்டத்தின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) கையில் இருக்கும் உரிமைகளைச் சொல்கிறது. உள்நுழையும் கணத்தில் ஒருவருடைய குழுக்கள் வாசிக்கப்பட்டு அவருடைய முதல் ஓட்டத்தோடு ஒட்டப்படுகின்றன. அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொன்றும் அதையே பெற்றுக்கொள்கிறது. பின்னர் பட்டியலில் என்ன எழுதினாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம் அது போய்ச் சேராது. வெளியேறி மீண்டும் நுழைந்தார், நிரல் ஏறியது. பட்டியலில் நம்மைப் பற்றி எழுதியிருப்பது ஒன்று, இந்த நேரத்தில் நம் கையில் இருப்பது இன்னொன்று என்பது அன்று வகுப்பில் எல்லோருக்கும் பதிந்தது.

அந்தப் பட்டியல்தான் என்னை நீண்ட காலமாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி கோப்பகத்தில் ‘பாஸ்வேர்ட்’ என்ற பொருள்படும் பெயரோடு ஓர் உரைக்கோப்பு உண்டு. ஆளுக்கு ஒரு வரி, முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள்: பயனர்பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, வீட்டுக் கோப்பகம், உள்நுழைந்ததும் ஓடவேண்டிய ஷெல் (கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல்). ‘கெட்என்ட்’ கட்டளையிடம் கேட்டால் ஒருவருடைய வரியை மட்டும் எடுத்துத் தரும். பயனர் விவரம் வலையமைப்பில் வேறோர் இயந்திரத்தில் இருந்தாலும் அது தேடிக் கொண்டுவரும் என்பதால், கோப்பை நேரே திறப்பதைவிட இதுவே நல்ல பழக்கம்.

இந்தக் கோப்பை எந்தப் பயனரும் வாசிக்கலாம். வாசிக்க முடியாதபடி பூட்டினால் கோப்புப் பட்டியலில்கூடப் பெயர்களுக்குப் பதில் வெறும் எண்களே வரும். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் ஆரம்ப நாட்களில் குறிமாற்றப்பட்ட கடவுச்சொற்களும் இதே கோப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. பின்னர்தான் அவை ரூட் பயனர் மட்டும் வாசிக்கும் ‘ஷேடோ’ கோப்புக்குப் போயின. வெளியே இருந்த காலத்தின் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையின் பழைய மூலக் கோப்புகளோடு பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு பட்டியலிலிருந்து, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனின் கடவுச்சொல்லை 2019 ஒக்டோபரில் கண்டுபிடித்துவிட்டார்கள். சதுரங்கத்தில் ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வின் குறியீடு அது. ஒரு பட்டியலை யார் வாசிப்பார்கள், எப்போது வாசிப்பார்கள் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்க முடியாது.

ஆகவே ஐந்தாம் புலத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ‘ஜீகோஸ்’. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இயங்குதளப் பெயரிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயந்திரங்களிலிருந்து அச்சு வேலைகளை அந்த இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்பியபோது, அதற்கு வேண்டிய அடையாளத்தை வைக்க ஓரிடம் தேவைப்பட்டது. அந்தக் கணினி போய்விட்டது, புலம் நிலைத்துவிட்டது. இன்று அதற்குள் காற்புள்ளிகளால் பிரித்து முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்று வைக்கிறோம். புதிய கணக்கைத் திறக்கும்போது ‘ஆட்யூசர்’ கட்டளை இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். கேட்கிறதே என்பதற்காக நிரப்புவதுதான் மனித இயல்பு.

வயதுவந்த பெண் பிள்ளைகளும் பையன்களும் படிக்கும் ஒரு வகுப்பில் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை அங்கே நிரப்பினால் என்ன ஆகும்? எந்த மாணவரும் ஒரே கட்டளையில் எல்லோருடைய இலக்கங்களையும் எடுத்துவிடலாம். அதற்குக் களவோ கெட்டித்தனமோ தேவையில்லை. கோப்பு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் சேர்வரில் அறையும் தொலைபேசியும் எப்போதும் வெறுமையாகவே இருக்கின்றன. பெற்றோரின் இலக்கங்கள் அலுமாரியில் ஒரு கொப்பியில் இருக்கின்றன. அது போதும்.

பெயரை மட்டும் எழுதுகிறேன். அதைக் கவனமாக எழுதுகிறேன். ஏனென்றால், டெபியனின் இயல்பான அமைப்பில் ஒரு பயனர் ‘சிஎச்எஃப்என்’ கட்டளையால் தன் அறை எண்ணையும் தொலைபேசி இலக்கங்களையும் மாற்றிக்கொள்ளலாம். தன் பெயரை மாற்ற முடியாது. அதை நிர்வாகிதான் செய்ய வேண்டும். ஒரு பிள்ளையின் பெயர் என் கையில் தரப்பட்டிருக்கிறது என்றால், அதை அந்தப் பிள்ளை எழுதுகிற விதத்தில் எழுதுவது என் கடமை. பயனர்பெயர் சிறிய ரோமன் எழுத்துகளில்தான் இருக்க வேண்டும் என்பது டெபியனின் வழக்கமான விதி, அதை ஏற்கிறேன். ஆனால் முழுப்பெயர்ப் புலத்தில் தமிழும் இருக்கலாம், சிங்களமும் இருக்கலாம். ஆஸ்கி எனப்படும் ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லாத எழுத்துகள் வந்திருக்கின்றன என்று கட்டளை ஓர் எச்சரிக்கை தரும், தந்துவிட்டு ஏற்றுக்கொள்ளும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ‘சிஎச்எஃப்என்’ அந்தப் புலம் முழுவதற்கும் 80 பைட்டுகளுக்கு மேல் அனுமதிக்காது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வரும். சிவபாலசுந்தரம் என்ற பெயருக்கு மட்டும் 42 பைட்டுகள் போய்விடும். தகப்பன் பெயரையும் முழுதாக எழுதினால் இடம் போதாது. ‘யூசர்மாட்’ கட்டளையின் ‘சி’ தெரிவு இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. நீண்ட பெயர்களை அதனால் எழுதுகிறேன். திரையில் எப்படித் தெரியும் என்பது வேறு பிரச்சினை. படமுகம் இல்லாத வெறும் கறுப்புத் திரையில் தமிழ் வராது, ஏனெனில் கருவின் எழுத்துரு அதிகபட்சம் 512 வடிவங்களையே தாங்கும். பல முனையச் சாளரங்களில் ஒகரக் கொம்பு ஓரிடத்திலும் கால் இன்னோரிடத்திலும் நிற்கும். அப்படி இருந்தும், தன் பெயர் தன் எழுத்தில் வருவதைக் காணும் பிள்ளையின் முகத்துக்காக இந்த வேலை எத்தனை தரமும் செய்யத் தகும்.

தொலைபேசி இலக்கம் போன்ற புலங்கள் ஒரு காலத்தில் மகிழ்ச்சியோடு நிரப்பப்பட்டன. அந்தக் காலத்தின் கட்டளை ‘ஃபிங்கர்’. 1971இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் எழுதியது. கணினியில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பழைய கட்டளை சுருக்கப் பெயர்களை மட்டுமே தந்ததால், ஆட்கள் பட்டியலின் மேல் விரலை ஓட்டித் தேடுவதை அவர் பார்த்திருக்கிறார். ஃபிங்கர் முழுப்பெயரைத் தந்தது. விசைப்பலகையைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் சொன்னது, ஆள் இன்னும் இருக்கையில் இருக்கிறாரா என்று ஊகிக்க. ‘பிளான்’ என்ற சிறிய கோப்பில் எழுதி வைத்தால் அதையும் காட்டியது: ஊரில் இல்லை, வியாழன் வருவேன் என்பது போல. 1977 டிசம்பரில் கென் ஹாரன்ஸ்டீன் இதற்கான வலையமைப்பு நெறிமுறையை எழுதினார். 79ஆம் இலக்க முனை என்ற வலையமைப்பு வாசலில் தட்டினால், எங்கோ உள்ள பல்கலைக்கழகத்தில் ஒருவர் மேசையில் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

அந்த வாசல் சாத்தப்பட்டதன் கதையில் ஒரு தகப்பனும் மகனும் இருக்கிறார்கள். 1988 நவம்பர் 2ஆம் திகதி இரவு, கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவர் ரொபர்ட் டப்பன் மொரிஸ் தானே பரவும் ஒரு புழு நிரலை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கருக்குப் பதில் சொல்லும் சேவை. கேள்வியை வைப்பதற்கு 512 பைட்டு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வருவதன் நீளத்தை அந்தச் சேவை சரிபார்க்கவில்லை. புழு 536 பைட்டுகளை அனுப்பியது. மிகுதி வழிந்து, நிரலின் திரும்பும் முகவரியின் மேல் எழுதியது. தகப்பன் ரொபர்ட் மொரிஸ் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸின் கடவுச்சொல் குறிமாற்றத்தை உருவாக்கியவர்; அந்த நேரத்தில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு 1990இல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் காலமும், 400 மணிநேரச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

இணையத்துக்கு முன்னால் அந்த வாசல் மூடப்பட்டது சரியே. அதைத் திறந்து வைக்கச் சொல்லும் பழைய ஏக்கங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஓர் அறைக்குள், ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிந்தவர்களிடையே, ஃபிங்கரின் அன்பான பகுதி இன்னும் வேலை செய்யும். குனு அடிப்படைக் கருவிகளோடு ‘பிங்கி’ என்ற எளிய வடிவம் எல்லா டெபியன் இயந்திரங்களிலும் இருக்கிறது, வலையமைப்பைத் தொடாது. ‘எல்’ தெரிவோடு ஒரு பெயரைக் கொடுத்தால், முழுப்பெயரையும் பிளான் கோப்பையும் காட்டும். எங்கள் பிள்ளைகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். மூதூர் மாணவி ஒருவர், வயலில் அறுவடை முடியும் வரை வரமாட்டேன், வலைப்பக்கத்தின் தலைப்பகுதியை யாராவது முடித்து வையுங்கள் என்று எழுதியிருந்தார். முடித்து வைத்தார்கள்.

பிளானை மற்றவர்கள் வாசிக்க வேண்டுமென்றால், எழுதியவரே தன் வீட்டுக் கோப்பகத்தில் மற்றவர்கள் கடந்து செல்ல அனுமதி தர வேண்டும். இப்போதெல்லாம் வீட்டுக் கோப்பகம் சாத்தியபடியே பிறக்கிறது. உபுண்டுவில் 2021இல் வந்த 21.04 பதிப்பு முதல் அப்படி. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தெரியப்படுத்த விரும்புகிறவர் தானே திறக்கிறார். விரும்பாதவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. திறந்தால் மற்றக் கோப்புகளின் அனுமதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாணவர் தானே திறந்து தராத ஒரு பதிவும் இருக்கிறது. யார், எந்த முனையிலிருந்து, எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று கணினி தானாகவே எழுதிக்கொள்ளும். ‘லாஸ்ட்’ கட்டளை அதை வாசிக்கும். இன்னொரு கட்டளையான ‘லாஸ்ட்லாக்’ ஒவ்வொருவரும் கடைசியாக நுழைந்த நேரத்தைத் தரும். கணக்குத் திறந்தும் வராதவர்களுக்கு எதிரே ஒருபோதும் நுழையவில்லை என்று இருக்கும். அந்த வரிகளைப் பார்த்துத்தான் திருக்கடலூரில் ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். பிள்ளைக்கு வர ஆசை. மாலையில் வலை சீராக்கும் வேலை இருந்தது. நேரத்தை மாற்றினோம்.

அதே பதிவைக் கேட்டு ஒருநாள் ஓர் இளைஞர் வந்தார். தங்கை எந்தெந்த நாட்களில் வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். மறுத்தேன். தங்கையைக் கேளுங்கள் தம்பி, அவர் இங்கே நன்றாகப் படிக்கிறார், அதை நான் சொல்லலாம், நேரங்களைச் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கோபத்தோடு படியிறங்கிப் போனார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் அவரிடம் எடுத்துக்காட்டவில்லை. என் மறுப்பு வேறிடத்திலிருந்து வந்தது. வீட்டில் தங்குவோர் பெயரையெல்லாம் எழுதிக் கொடுத்து, விருந்தாளி வந்தாலும் பதிந்து, பட்டியலில் இருக்கும் பெயருக்கும் கதவைத் திறக்கும் முகத்துக்கும் ஒப்புப் பார்த்த ஒரு காலத்தில் இந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். யார் எப்போது எங்கே இருந்தார் என்ற தாள் என்னென்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் போன பிறகு என்னை உறுத்தியது அந்தக் கோப்பின் அனுமதிதான். டெபியன் 12 வரையான பதிப்புகளின் இயல்பில் எந்தப் பயனரும் ‘லாஸ்ட்’ தட்டி எல்லோருடைய வரவையும் பார்க்கலாம். அண்ணன் என்னிடம் வந்து கேட்க வேண்டியதே இல்லை. வகுப்பில் இருக்கும் ஒரு நண்பனிடம் கேட்டிருந்தால் போதும். மற்றவர்களின் வாசிப்பு உரிமையை நீக்கினேன். அது மட்டும் செய்தால் நிலைக்காது: மாதம் ஒருமுறை பதிவைச் சுழற்றும் ‘லாக்ரொட்டேட்’ புதிய கோப்பைப் பழைய அனுமதியோடு மறுபடி உருவாக்கும். அதன் அமைப்புக் கோப்பில் இந்தப் பதிவுக்கு எழுதியிருக்கும் 0664 என்பதை 0660 ஆக மாற்ற வேண்டும். பகிர்ந்த சேர்வர் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதை இன்றே செய்துவிடுங்கள்.

படிப்பு முடித்துப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கை நீக்காதீர்கள், பூட்டி வையுங்கள். நீக்கினால் அவர் விட்டுச்சென்ற கோப்புகளின் பக்கத்தில் பெயர் மறைந்து எண் மட்டும் நிற்கும். டெபியனின் ‘ஆட்யூசர்’ காலியாக இருக்கும் முதல் எண்ணை அடுத்துவரும் புதிய மாணவருக்குக் கொடுக்கும். அந்தக் கணமே பழைய மாணவரின் கோப்புகளெல்லாம் முகம் தெரியாத ஒருவருடைய பெயரில் வந்துவிடும். கனடாவுக்கோ கட்டாருக்கோ போன பிள்ளை ஒருநாள் தன் நிரலைக் கேட்டு எழுதலாம். ‘யூசர்மாட்’ கட்டளையின் பெரிய ‘எல்’ தெரிவால் கடவுச்சொல்லை முடக்கி, கணக்குக் காலாவதித் திகதியையும் இட்டால் பெயரும் எண்ணும் அவருடையதாகவே இருக்கும். காலாவதித் திகதி அவசியம். கடவுச்சொல்லை மட்டும் முடக்கினால், கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் இன்னும் நுழையலாம்.

வரும் பாடசாலை விடுமுறையில் சேர்வரை டெபியன் 13க்கு உயர்த்தப்போகிறேன். 2025 ஓகஸ்டில் வெளிவந்த அந்தப் பதிப்பில் பழைய வரவுப் பதிவின் வடிவமே கைவிடப்பட்டிருக்கிறது. அதில் நேரத்துக்கு 32 பிட்டு இடம்தான் இருந்தது. 2038 ஜனவரி 19ஆம் திகதி, இலங்கை நேரம் காலை 8:44க்கு நிரம்பிவிடும். ‘லாஸ்ட்’ வேண்டுமென்றால் ‘டபிள்யூடிஎம்பிடிபி’ என்ற பொதியைத் தனியே நிறுவ வேண்டும். பழைய பதிவுகளில் 2022இன் மின்வெட்டு மாதங்கள் இருக்கின்றன. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதபோதும், வந்த நேரத்தில் ஓடி வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். உயர்த்துவதற்கு முன்னால் ‘லாஸ்ட் ரீபூட்’ என்று தட்டி, இயந்திரம் எழுந்த நேரங்களை மட்டும் ஓர் உரைக்கோப்பில் எடுத்துக்கொள்வேன். பிள்ளைகளின் பெயர் உள்ள வரிகளை அழித்துவிடுவேன்.